கசப்பு எடுத்த பொடி

மார்ச் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். இங்கே நானும் பாப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறீர்கள். சொல்வது என்ன, "ம்" என்கிறீர்கள். அதில் எது நல்ல "ம்", எது கெட்ட "ம்" என்று பதிமூன்று வருடம் கூட இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. போனில் நான் கத்துகிறேன், நீங்கள் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொள்கிறீர்கள், பாப்பா நடுவில் வந்து போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதினால் கத்தியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

நான் வந்து பத்து மாதம் ஆகிவிட்டது. எதற்கு வந்தேன் என்பதை மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். பாப்பாவைப் பொறுத்தவரை அம்மாவுக்கு இங்கே வேலை கிடைத்தது, அப்பாவுக்கு அங்கே வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

வேலை என்றதும் நினைவு வந்தது. என்னை இலை அலசும் பிரிவிலிருந்து லேபுக்கு மாற்றிவிட்டார்கள். லேப் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், குப்பி கழுவுவதும் சாமான் அடுக்குவதும்தான். ஆனால் உட்கார நாற்காலி உண்டு. கம்பெனியில் மூட்டை மூட்டையாக இலையும் வேரும் வரும். அதன் சத்தை மட்டும் உறிஞ்சிப் பொடியாக்கி, கூடு மாதிரி இருக்கும் காப்ஸ்யூல் மாத்திரையில் அடைத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். போன வாரம் என்ன இலை வந்தது தெரியுமா? உங்கள் முழங்காலுக்கு நான் இடித்துத் தூளாக்கிக் கொதிக்கவைத்துத் தருவேனே, வேலியில் படர்ந்து கிடக்குமே, அதே இலை. மூட்டையைப் பிரித்ததும் அந்த வாடை. எனக்கு நீங்கள் முகம் சுளித்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்ப்பதுதான் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு தடவை பொடி செய்யும்போதும் சோதனைக்கு என்று நாலைந்து குப்பி எடுத்து வைப்பார்கள். சோதித்து முடித்ததும் மீதிக் குப்பிகளை எரிக்க அனுப்புவது என் வேலை. தங்கம் மாதிரி பொடியை எரிப்பானேன் என்று ஒன்றை எடுத்து வைத்தேன். இதோடு வருகிறது. உங்கள் கால்வலியை நீங்கள் சொல்லவில்லை, பாப்பா சொன்னாள், வீடியோவில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்களாம்.

முன்பு போட்ட அளவே போடுங்கள், மூன்று விரலால் எடுப்பது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கொதிக்கவைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் கரைந்துவிடும். கசப்பை எடுத்துவிட்டோம். இனிமேல் முகம் சுளிக்கச் சாக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி


மார்ச் 20

பாப்பா அம்மாவுக்கு,

குப்பி வந்தது. பொடி நன்றாக இருக்கிறது. கசக்கவே இல்லை. மூன்று விரலால் எடுத்தால் பசை மாதிரி ஒட்டுகிறது, அதனால் டீ ஸ்பூனால் எடுக்கிறேன்.

வலி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. பட்டறையில் இந்த வாரம் பதினொரு பீரோ. கீழ்த்தட்டுக்குக் குந்தி உட்கார்ந்துதான் பெயின்ட் அடிக்க வேண்டும், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் எழுந்திருக்க ஆள் கூப்பிடுவேன். இப்போது இல்லை.

பொடி தீர்ந்துவிட்டது. இன்னும் இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

நான்


ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பதிமூன்று வாக்கியம். பாப்பா எண்ணினாள். கல்யாணத்துக்கு முன்பு எழுதியதையும் சேர்த்து இதுதான் நீளமானது என்று அவளிடம் சொன்னேன். "அப்ப கல்யாணத்துக்கு முன்னாடி என்னம்மா எழுதுவாங்க?" என்று கேட்கிறாள். "பஸ் எத்தனை மணிக்குன்னு எழுதுவாங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று குப்பி அனுப்புகிறேன். ஒரு மாதத்துக்கு வரும். உங்களுக்குக் குணமானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள், ஆனாலும் எழுதுகிறேன், சந்தோஷமாக இருக்கிறது. ஊரில் யார் யாருக்கோ போகிற பொடி, என் கையால் உங்களுக்கும் வந்தால் என்ன? லேப் மேடத்திடம் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் விதிமுறை என்பார். எரிக்கிற சாமானுக்கு என்ன விதிமுறை.

இங்கே வேலை பெண்டு நிமிர்த்துகிறது. அந்தப் பொடி அறைக்குள் போனால் தலை முதல் கால் வரை மூடிக்கொள்ள வேண்டும். முகத்துக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கைக்கு இரண்டு உறை. ஒரு மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துவிடும். இலை அலசும்போது வெறுங்கையோடு ஈர இலையை அள்ளிக்கொண்டிருந்தேன், அது தேவலை.

பாப்பாவின் புதுப் பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. பல் ஒன்று கோணலாக முளைக்கிறது. உங்கள் வீட்டுப் பல்.

வாயாடி


ஏப்ரல் 24

பாப்பா அம்மாவுக்கு,

மூன்றும் வந்தன. ஒன்று தீர்ந்தது, இரண்டாவது பாதியில் இருக்கிறது. கால் நன்றாக இருக்கிறது. மாடிப்படி ஏறிப் பார்த்தேன், வலிக்கவில்லை. நீ இருப்பது மூன்றாவது மாடி என்று பாப்பா சொன்னாள்.

பத்து நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை. எண்ணெய் காய்கிற வாடை வந்தாலே குமட்டுகிறது. உடம்பெல்லாம் அரிப்பு, ஆனால் தடிப்பு எதுவும் இல்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. வெயிலாக இருக்கும். கண் மஞ்சளாக இருக்கிறது என்று பட்டறையில் வெல்டர் சொன்னான். அவனுக்கு எப்போதும் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். சொல்லாவிட்டால் திட்டுவாய், அதனால் சொல்லிவிட்டேன்.

நான்


ஏப்ரல் 29

பாப்பாவின் அப்பாவுக்கு,

சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம். மழை கொட்டப் போகிறது.

பயப்படாதீர்கள். எங்கள் கம்பெனி போடும் துண்டுப் பிரசுரத்தில் இதைப் பற்றி இருக்கிறது. சத்து உள்ளே போக ஆரம்பித்ததும் முதல் சில வாரம் உடம்பிலுள்ள கசடு எல்லாம் வெளியே வருமாம். அரிப்பு, குமட்டல், சோர்வு, சிறுநீர் நிறம் மாறுவது எல்லாம் அதனால்தானாம், தானாகச் சரியாகிவிடுமாம். இத்தனை வருடம் பெயின்ட் புகையை உள்ளே இழுத்திருக்கிறீர்கள், வெளியே வர வேண்டியது எவ்வளவு இருக்கும். இலை தானே, ஒன்றும் செய்யாது. பொடியை நிறுத்தாதீர்கள்.

ஆனாலும் எதற்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. நேற்று குப்பி கழுவும்போது இரண்டு தடவை கை நழுவிவிட்டது. மேடம் ஒரு மாதிரி பார்த்தார்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெல்டரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் கண் நல்ல கண்தான்.

வாயாடி


மே 11

பாப்பா அம்மாவுக்கு,

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஈரலில் கொஞ்சம் வீக்கமாம். பெயின்ட் வேலையால் இருக்கும் என்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நீ வர வேண்டாம். பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

நான்


மே 15, மதியம்

உங்கள் முதலாளி பீரோ இறக்க இந்த ஊருக்கு வந்தவர், மூன்று மாடி ஏறி வந்து என் வாசலில் நின்றார். வண்டி கீழே நிற்கிறது, அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் இதை எழுத வேண்டும், அதனால் மரியாதை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அவர் என்ன கேட்டார் தெரியுமா? "எப்பம்மா குடிக்க ஆரம்பிச்சான்? நடுவுல நான் நிறுத்தி வச்ச கொஞ்ச நாளைத் தவிர என்கிட்ட இருபது வருஷமா வேலை பாக்குறான், ஒரு நாள் வாடை வந்ததில்லையே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார், டாக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து, நான் தினமும் குடிப்பேன் என்று சொன்னீர்களாம். குடியை விடச் சொல்லி ஆலோசகர் வேறு வந்து அரை மணி நேரம் புத்தி சொல்லிவிட்டுப் போனாராம். நீங்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்களாம்.

உங்களையா? தங்கச்சி கல்யாணத்தில் ஒரு வாய் குடிக்கச் சொன்னதற்குப் பின்கட்டு வழியாக ஓடிப்போன மனிதர் நீங்கள். முதலாளியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பொடியைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று குடியைச் சொல்லியிருக்கிறீர்கள்.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்ச்சிலேயே போட்டிருக்க வேண்டியது. கம்பெனியில் இருபது கிலோ காய்ந்த இலைக்கு ஒரு கிலோ பொடி வரும். தினமும் பார்க்கிறேன், அறிக்கையில் இருபதுக்கு ஒன்று என்று என் கையாலேயே எழுதுகிறேன். மாத்திரைக் கூட்டில் அடைப்பது கால் கிராம். நீங்கள் எடுப்பது டீ ஸ்பூன், குறைந்தது ஐந்து கிராம். ஒரு வேளைக்கு இருபது மாத்திரை, ஒரு நாளைக்கு நாற்பது. பழையபடி இலைத்தூளில் சொன்னால் ஒரு ஸ்பூனில் நூறு கிராம் இலை இருக்கிறது. அப்போது மூன்று விரலில் எடுத்தது ஒரு கிராம் இருக்குமா? நூறு டம்ளரை ஒரே மடக்கில் குடித்திருக்கிறீர்கள், நான் "முன்பு போட்ட அளவே" என்று எழுதியதால்.

அதுவும் சரிக்குச் சரி இல்லை. நாம் தண்ணீரில் கொதிக்கவைத்தோம். தண்ணீரில் இறங்குவதுதான் இறங்கும், மீதி சக்கையோடு செடிக்கடியில் போகும். இவர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுக்கிறார்கள், தண்ணீருக்கு மசியாததெல்லாம் அதில் வந்துவிடுகிறது. போதாததற்கு உடம்பில் சீக்கிரம் ஏற மிளகுச் சத்தைச் சேர்க்கிறார்கள். அந்த இலையை ஒரு டம்ளருக்கு மேல் ஒரு மனிதரால் குடிக்க முடியாது, கசப்பு விடாது. அந்தக் கசப்பைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோம். எடுத்ததற்காக எங்கள் பிரிவுக்குக் கைதட்டு வேறு. இலை தானே என்று உங்களுக்குத் தைரியம் சொன்னேன், நான் மட்டும் இரண்டு உறை போட்டுக்கொண்டு அதைத் தொட்டேன். கொள்ளிக்கட்டையை எடுத்து உங்கள் தலையைச் சொறிந்துவிட்டிருக்கிறேன்.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன்? வேலை போனதை மறைத்து இரண்டு மாதம் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப் போனீர்களே, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தீர்களே, அதற்காக. வேலை போனதற்காக இல்லை. என்னிடம் சொல்லாததற்காக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் புத்தி உங்களை விட்டுப் போகவே இல்லை. இந்தத் தடவை மறைத்தது உங்கள் ஈரலை. கல்லுளிமங்கன் என்று உங்களைச் சும்மா சொல்லவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இது. பொடி இன்னும் இருந்தால் தொடாதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டு, குடிக்கவில்லை, பொடிதான் என்று சொல்லுங்கள். என் முதல் கடிதத்தை அவரிடம் கொடுங்கள், அளவு என் கையெழுத்திலேயே இருக்கிறது. நானும் இந்த வண்டியிலேயே ஏறிவிடலாம். ஆனால் வெறுங்கையோடு வந்து என்ன செய்வேன்? அந்தப் பொடியில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற தாள் டாக்டருக்கு வேண்டும். அது லேப் அலமாரியில் இருக்கிறது. நாளைக் காலை மேடத்திடம் உண்மையைச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் "ம்" தான்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார்.


மே 16, காலை

பாப்பா அம்மாவுக்கு,

முதலாளி இன்றும் ஒரு லோடு கொண்டுவருகிறார். போனில் சொன்னால் நீ கேட்கமாட்டாய், இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கம்பெனிக்குப் போகும் முன் உன் கையில் கிடைக்க வேண்டும்.

அங்கே சொல்லாதே. பொடியை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தும் இரண்டு நாள் குடித்தேன், மூன்றாம் நாள் டாக்டர் கேட்டார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்டபோது இல்லை என்றேன், அது பொய் இல்லை, நான் அதை மாத்திரையாக நினைக்கவில்லை. அப்புறம் நேராகக் கேட்டார். "மூலிகைப் பொடி, சூரணம், யாராவது குடுத்தாங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குப்பி தலையணைக்கு அடியில் இருந்தது. அதில் கம்பெனிச் சீட்டு ஒட்டியிருக்கிறது, விற்பனைக்கு அல்ல என்று. நீ எடுத்தது தெரிந்தால் திருட்டு என்பார்கள். இல்லை என்றேன். அப்ப குடிப்பியா என்றார். ஆமாம் என்றேன். அதுதான் கிட்டே இருந்த பதில்.

குடிகாரன் என்ற பேர் இரண்டு மாதத்தில் மறந்துவிடும். திருடி என்ற பேர் மறக்காது. பாப்பா படிப்பு உன் வேலையில்தான் நிற்கிறது, என் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

நிறுத்திவிட்டேன் அல்லவா, தானாக இறங்கிவிடும். உன் முதல் கடிதத்தை எரித்துவிட்டேன்.

நான்


மே 16, மாலை
பஸ் நிலையம்

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது மதியம் மூன்று மணி. காலை ஒன்பதரைக்கே சொல்லிவிட்டேன்.

மேடம் முதலில் என்னைத் திட்டினார். எதற்கு எடுத்தாய் என்று கேட்கவில்லை, எத்தனை ஸ்பூன் என்றுதான் கேட்டார். சொன்னேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். கதவைச் சாத்திவிட்டு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அதில் ஏற்கெனவே மூன்று புகார் இருக்கின்றன. மூன்று பேரும் மாத்திரையாகச் சாப்பிட்டவர்கள், சீட்டில் சொன்னபடி நாளைக்கு ஒன்றுதான் சாப்பிட்டிருக்கிறார்கள், அதிலேயே கண் மஞ்சளாகியிருக்கிறது. எல்லோருக்கும் ஆகவில்லை, சிலருக்கு மட்டும் ஆகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். நீங்கள் அதைப்போல நாற்பது மடங்கு.

அப்புறம் மேனேஜர் அறை. அவர் என்னைத் திட்டவே இல்லை, உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். டீயைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "நீ எடுத்ததை நாங்க பாக்கல. உன் வீட்டுக்காரர் எதைச் சாப்பிட்டார்னு எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாம்மா" என்றார். தாள் கேட்டேன். தாள் வெளியே போகாது என்றார். நீங்கள் எனக்காக ஒன்றை மறைக்கிறீர்கள், இவர்கள் தங்களுக்காக அதே ஒன்றை மறைக்கிறார்கள், நடுவில் கிடப்பது உங்கள் உடம்பு. நான் டீயைத் தொடவில்லை. அப்படியானால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். பாப்பாவின் முகம்தான் முன்னால் வந்தது.

வாசல் வரை போனவளை மேடம் பின்னால் வந்து பிடித்தார். ஒரு பழைய காகித உறையின் பின்பக்கம் முழுக்கத் தன் கையாலேயே எழுதியிருந்தார். என்ன சத்து, எத்தனை சதவீதம், எந்த ஸ்பிரிட், என்ன சேர்த்தது எல்லாம் இருக்கிறது. "டாக்டர்கிட்ட குடு. என் பேரைக் கேட்டாலும் சொல்லு" என்றார். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாப்பாவைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லித்தான் விட்டேன். "அப்பா செத்துடுவாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என்னால் முடிகிறது.

காலையில் வந்துவிடுவேன். பார்வை நேரம் நான்கு மணி என்று முதலாளி சொன்னார், அதற்கு முன் விடமாட்டார்களாம். இதை நர்ஸ் மூலம் உள்ளே அனுப்புகிறேன். உறையை டாக்டரிடம் நானே கொடுக்கிறேன். ஆனால் பொடியைப் பற்றி அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் வாயால். நான் வந்து சொன்ன பிறகு "ம்" போட்டால், உங்களுக்கு வைத்தியம் முடியும் வரை கூட இருப்பேன், அதற்குப் பிறகு இருக்கமாட்டேன். இது மிரட்டல் இல்லை. மறைக்கிற மனிதரோடு வாழ எனக்குத் தெம்பு இல்லை, அவர் எனக்காகவே மறைத்தாலும்.

என் மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருக்க வேண்டும். என் கையால் கொடுத்ததுதானே.

பஸ் வந்துவிட்டது.


மே 17, பகல்
வார்டு

பாப்பா அம்மாவுக்கு,

நீ கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். கடிதம் பத்து மணிக்குக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தேன். மேலே விடச் சொல்லிக் கேட்டேன், நான்கு மணிக்குத்தான் என்கிறாள். அதனால் எழுதுகிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். காலை எட்டு மணிக்கு. இதை நீ நம்ப வேண்டும். நர்ஸையும் கேட்டுக்கொள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். அவர் நிஜமாகவே குடித்துக் கெட்டவர். இந்த வாரம் முழுக்க என்னைக் கூட்டாளியாக நினைத்து மனசைத் திறந்து பேசிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் குடிச்சீங்க, எதனால ஆரம்பிச்சீங்க என்று கேட்பார், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன். இன்று காலை, "நீங்க விட்டுட்டீங்கண்ணே, உங்களப் பாத்து நானும் விட்டுடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்போது டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். "குடிய நிறுத்தி எட்டு நாளாச்சு, குறையணும். ஏறிக்கிட்டே போகுது. எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?" என்றார்.

சொல்லிவிட்டேன். டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். தலையணைக்கு அடியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். எரித்துவிட்டதாக எழுதியது பொய். உன் கடிதம் எதையும் நான் எரித்ததில்லை.

டாக்டர் திட்டவில்லை. ரொம்ப நேரம் எழுதினார். யார் கொடுத்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன். நல்லதுக்குத்தான் கொடுத்தாள், அளவு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்றேன். இதுபோல இந்த வருடம் எனக்கு முன்பே இரண்டு பேரைப் பார்த்துவிட்டாராம். பொடி என்னவென்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும் என்றார். அந்த உறையை அவரிடம் கொடுத்துவிட்டாயாமே. நர்ஸ் சொன்னாள்.

கோபம் இருந்தால் சொல்லச் சொன்னாய். பொடி கொடுத்ததற்குக் கோபம் இல்லை. கசடு வெளியே வருகிறது, நிறுத்தாதீர்கள் என்று எழுதினாயே, அதற்குக் கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. இப்போது இல்லை. ஸ்பூனை நிறைத்து நிறைத்து அள்ளியது நான்தான். கால் சீக்கிரம் நன்றாகட்டும் என்று அவசரம். மூன்று மாடி ஏற வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வேலை போனதை நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ அப்போது கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. உன் முகம் வாடுவதைப் பார்க்கப் பயம். வேறொன்றும் இல்லை. தினமும் அந்த பெஞ்சில் சாப்பிடும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

இப்போதும் பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து கையில் நடுக்கம், பகலிலேயே தூக்கம் அழுத்துகிறது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதைப் பற்றியும் வேறு ஏதோ பற்றியும் பேசினார்கள். டாக்டர் என்னிடம் சொல்ல வந்தார். வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், அவளும் இருக்கும்போது சொல்லுங்கள் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். சரி, நான்கு மணிக்கு வருகிறேன் என்றார்.

அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். தனியாகக் கேட்க என்னால் முடியாது. நான்கு மணி அடித்ததும் மற்றவர்களுக்கு வழி விட்டுக்கொண்டு நிற்காமல், டாக்டருக்கு முன்னால் மேலே வந்துவிடு.

நான்